முப்பது நாள் இலவசம்

"ஓசியில குடுக்குறானா? எதுக்குடா குடுக்குறான்?"

ஏலக்காய் மண்டி முதலாளி வெள்ளைத்துரை அந்தக் கம்ப்யூட்டர் பிளாப்பியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று பார்த்தார். காலைத் தபாலில் வந்தது அது. அனுப்பியவர் பெயர் இல்லை. 'ஏலக்காய்ப் பட்டியல் போடும் புரோகிராம். முப்பது நாள் இலவசம்' என்று ஒரு துண்டுச்சீட்டு மட்டும் கூட வந்திருந்தது.

"தூக்கிப் போட்ரவா மொதலாளி?" என்றான் குமாஸ்தா காசிமாயன்.

"ஓசியில வந்ததை எவனாச்சும் தூக்கிப் போடுவானா? ஓட்டிப் பாரு. ஆனா மிஷினுக்கு ஏதாச்சும் ஆச்சு, போடிமெட்டு மலை ஸ்டோர்ல ஏலக்காய் காய வைக்கப் போயிருவ."

அது 1989. கம்ப்யூட்டர் ஓட்டுகிற மாப்பிள்ளை என்பதால்தான் சிலமலை கிராமத்தில் காசிமாயனுக்குப் பொன்னுமணியைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். "மலைக்குப் போற மாப்பிள்ளைக்குப் பொண்ணு கெடையாது" என்று அவள் அப்பா நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார். பொன்னுமணியை இழக்க அவனுக்கு மனசே இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று, மிஷினில் இருந்த பட்டியல் எல்லாவற்றையும் முதலில் பேப்பரில் அடித்து எடுத்தான். சாயங்காலம் பேப்பர் தீர்ந்துபோனது. மறுநாள் ஏலத்துக்குப் பட்டியல் அடிக்க ஒரு தாள்கூட மிச்சமில்லை.

பேப்பர் கேட்டு எதிர்த்த மண்டிக்கு ஓடினான். அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவன் சின்னமுத்து. அவனைப் பார்த்ததும் காசிமாயனுக்கு ஒரு யோசனை வந்தது. ஏலத்தில் முதல் விலையை யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவன் கேட்கட்டும் என்று ஆளாளுக்குக் கூரையைப் பார்ப்பார்கள். பிளாப்பிக்கு மட்டும் என்ன வேறு சட்டமா?

"மாப்ளே, நல்ல புரோகிராம் ஒன்னு வந்திருக்கு. உன் மிஷின்ல போட்டுப் பாக்குறியா?"

சின்னமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ போட்டுப் பாத்துட்டியா?"

"காலையிலேருந்து ஓடுது. அருமை!"

"மிஷினுக்கு ஒன்னும் ஆகலையே?"

"சேச்சே!"

சின்னமுத்துவின் முகம் மலர்ந்தது. "அப்ப நீ போ. எங்க மொதலாளியக் கூட்டிக்கிட்டு வெரசா வர்றேன். ஓட்டிக் காட்டு."

காசிமாயன் மண்டி திரும்பி மூச்சு வாங்குவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் எதிர்த்த மண்டி முதலாளி சோலைமலை. அவர் பின்னால் சின்னமுத்து. கடைசியாக, அந்த மண்டியில் சாக்குத் தைக்கும் மூக்கம்மாள், தலையில் பேப்பர் கட்டோடு.

"என்ன வெள்ளைத்துரை, புதுசா என்னமோ ஓட்டுறீகளாமே?"

போட்டிக்காரன் எதிரே வெள்ளைத்துரை விட்டுக்கொடுப்பாரா? "எங்க மண்டியில எல்லாமே மொதல்லதான்! ஓட்டுடா காசிமாயா" என்றார். அப்படியே குனிந்து அவன் காதில், "ஏதாச்சும் ஆச்சு, நாளைக்கு மொத ஜீப்புல நீ மலைக்கு" என்றார்.

காசிமாயன் பிளாப்பியை எடுத்தான். இனி ஓடவும் முடியாது, ஓட்டாமல் இருக்கவும் முடியாது. எல்லோரும் நெருங்கி வந்து நின்றார்கள். சின்னமுத்து மட்டும் இரண்டடி பின்னால் நகர்ந்து வாசலோரம் போனான்.

மூக்கம்மாள் கட்டை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா சின்னமுத்து, 'மொதல்ல அவுக மிஷின்ல ஓடட்டும், கெட்டா அவுகளோட போகட்டும்'னு உனக்கு வந்ததைக் கவருக்குள்ள வச்சு ஒட்டி, முந்தாநாள் என்னையத் தபால்பெட்டியில போடச் சொன்னியே, அது இதுதானே?"