அமுக்கிய இடமும் விட்ட இடமும்

அரியலூர்
14.11.1989

அன்பு மகள் மலர்கொடிக்கு அப்பா இராமலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். உன் மெட்ராஸ் வாசமும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையும் குறைவின்றி நடக்க வேண்டும். மற்றபடி என் முகத்தை நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. எனக்கே அதைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

நேற்று எங்கள் சிமெண்ட் ஆலையின் லோடிங் ஆபீசில் நீ எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தார்கள். ஒழுங்காக ஓடினால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் மெஷினோடு திருப்பி அனுப்பிவிடுவது என்று பேச்சு. திரையில் லாரிகளின் நம்பரெல்லாம் வரிசையாக நின்றன. கீழே, முதல் லாரியைக் கூப்பிட 'லோடு' என்று ஒரு பட்டன். ஒட்டினாற்போல், பொழுது சாய்ந்ததும் பட்டியலைத் துடைக்க 'எல்லாம் அழி' என்று இன்னொன்று. என் மகள் எழுதினது என்று செந்துறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட நான் சொல்லித் திரிந்ததால், மேனேஜர், "தலைமை குமாஸ்தாவே முதல்ல அமுக்கட்டும்" என்றார்.

தீபாவளிக்கு வந்தப்ப சோப்பு டப்பாவை மவுஸ் மாதிரி வச்சு நீ சொல்லிக்கொடுத்தியே, "அப்பா, அமுக்கினா பட்டன் உள்ள போற மாதிரி தெரியும், விரலை எடுத்தாத்தான் வேலை நடக்கும்"னு, அதெல்லாம் அந்தக் கூட்டத்துல மறந்துபோச்சும்மா. 'லோடு' மேல அம்பைக் கொண்டுபோய் அமுக்கினேன், பட்டன் உள்ளே போச்சு, ஒண்ணும் நடக்கலை, இன்னும் பலமா அமுக்கினேன், முப்பத்தஞ்சு வருஷமா ரப்பர் ஸ்டாம்ப் குத்தின கை இல்லையா, அப்பவும் நடக்கலை, டைப்பிஸ்ட் லீலாவதி "விடுங்க சார், விடுங்க"ன்னுச்சு, நாற்காலியைத்தான் விடச் சொல்லுதுன்னு நினைச்சு ரோஷமா எழுந்திரிச்சேன், அமுக்கின விரல் அமுக்கினபடியே மவுஸும் கூடவே நகர்ந்து வந்துச்சு, நின்ன பிறகுதான் விரலை எடுத்தேன். அம்பு அப்ப 'எல்லாம் அழி' மேல இருந்திருக்கு.

முப்பத்தெட்டு லாரியும் திரையிலேருந்து காணாமப் போச்சு. வெளியில அத்தனையும் அப்படியே நிக்குது. விஷயம் வாசல் கேட்டு வரைக்கும் போனதும் டிரைவருங்க இறங்கிட்டாங்க. பாடாலூர் கண்ணையன் "நான்தான் மூணாவது"ன்னான், அவனோட சேர்த்து ஒன்பது பேரு மூணாவது. ஒருத்தரு லாரியைக் குறுக்கே நிறுத்திட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

இதெல்லாம்கூட எழுதிடலாம்மா. "என்னய்யா ஆச்சு?"ன்னு மேனேஜர் கேட்டப்ப நான் சொன்னதுதான் எழுத வரமாட்டேங்குது. "பொம்பளப் புள்ள எழுதினதுங்க சார், தப்பு இருக்கத்தான் செய்யும்"னுட்டேன். நான்தான் சொன்னேன், என் காதாலயே கேட்டேன். லீலாவதி என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. அப்புறம் பேப்பரை எடுத்துக்கிட்டு வெயில்ல போய், ஒவ்வொரு லாரியாக் கேட்டு நம்பரை எழுதிக்கிட்டு வந்துச்சு. உன்னைத் திருச்சி ஹாஸ்டல்ல சேர்க்காதேன்னு சொந்தக்காரன் அத்தனை பேரும் தடுத்தப்ப சட்டை பண்ணாதவன் நான். அந்த நானே அப்படிச் சொன்னேன்.

மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்லி மேனேஜர் கடிதம் தயார் பண்ணச் சொல்லிட்டார். சாயங்காலம் அவர் கிளம்புமுன் போய், 'தப்பு என் கையில்தான், புரோகிராமில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். மெஷின் இருக்கட்டும், நீர் மட்டும் அதன் பக்கம் போகாதீர் என்றார்.

உன் அம்மா கொளஞ்சியம்மாள் நேத்திலேருந்து சோறு போடுறா, பேச்சு மட்டும் போடலை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீ வரும்போது நான் ஸ்டேஷனுக்கு வரலாமா, கூடாதா என்று ஒரு கார்டு போடு. தீர்க்காயுசாகவும், அப்பனைவிடத் தைரியசாலியாகவும் இரு.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
அப்பா

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லீலாவதி வூட்டுக்கே வந்து ஒரு விஷயம் சொல்லிட்டுப் போச்சு. இன்னிக்கு லாரியெல்லாம் போன பிறகு நாலு தடவை செஞ்சு பார்த்ததாம். எங்கே அமுக்கினாலும் சரி, 'எல்லாம் அழி' மேல வந்து விரலை எடுத்தா அழிஞ்சுடுதாம். அமுக்கின இடமும் விட்ட இடமும் ஒண்ணுதானான்னு நீ பார்க்காம விட்டுட்டியாம். ஆக, தப்பு உன்னுதுதாம்மா. இது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கட்டும். நீ வந்து சத்தமில்லாம சரி பண்ணிடு. கார்டெல்லாம் போட வேணாம், நான் ஸ்டேஷனுக்கு வரேன்.