இந்த வரி வேண்டாம்

மாதா துணை

தாராவி, மும்பை.

கனடா தேசத்தில் பனிக்கு நடுவே குடியிருக்கும் என் உடன்பிறந்த தங்கை அன்னமேரிக்கு, மூத்த அண்ணன் சிங்கராயர் எழுதும் கடிதம். இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஆதர்ஷும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவன் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு. யார் உத்தரவு, என்ன காரணம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முப்பத்திநாலு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், எதையும் வரிசையாகத்தான் எனக்குச் சொல்ல வரும். நீ அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.

கிறிஸ்துமஸ் அன்று நீயாகப் போன் செய்தாய். நம் தம்பி ஜாய் கல்யாணத்தில் உன்னைப் பார்த்ததுதான், அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் ஏழு மாதம் கழித்து உன் குரலைக் கேட்கிறேன். "அண்ணே, எனக்கும் அம்பது தாண்டிட்டு. அப்பா ஜாடையில ஒரு முகத்தப் பாக்கணும்போல இருக்கு. ஒரு தடவ வந்துட்டுப் போங்க" என்றாய். நான் சரி என்றேன். போனை உன் மதினியிடம் கொடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனேன். அது தண்ணீர் வருகிற நேரம் இல்லை. அடுத்த வாரமே நீ விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினாய். அதில் 'என் உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதியிருந்தாய். வந்தது வினை. செம்பூரில் விசா வேலை பார்க்கும் நிகில் அதைப் படித்துவிட்டு, "அங்கிள், நீங்க அண்ணன்ங்கிறதுக்கு ஆதாரம் என்ன இருக்கு?" என்று கேட்டான். அறுபத்தைந்து வயதில் என்னைப் பார்த்து ஒருவன் இப்படிக் கேட்கிறான். ரேஷன் கார்டைக் காட்டினேன். நீ கல்யாணமாகிப் போனபோது உன் பெயரை அதிலிருந்து எடுத்தாயிற்று. உன் பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட் எல்லாம் நீ கொண்டு போய்விட்டாய். போட்டோ எல்லாம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது, 2005 ஜூலை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது டிரங்கோடு கூழாகிப் போனது. எனக்கும் என் தங்கைக்கும் ஒரே மூக்கு, அப்பா மூக்கு என்றேன். "மூக்க ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியாது அங்கிள். பழைய கல்யாணக் கார்டு இருந்தா கொண்டு வாங்க. ரெண்டு பேர் பேரும் சேந்தாப்ல இருக்கணும், பஸ், அது போதும்" என்றான்.

எந்தக் கல்யாணக் கார்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இறந்த பிறகு நம் வீட்டில் நான் முன்நின்று அடித்த கார்டு ஒன்றே ஒன்றுதான், ஜாய் கல்யாணக் கார்டு. பெரியப்பா மகன், சித்தி மருமகன், அப்பாவோடு ஒரு காலத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தவர் என்று பதினாறு வரி உறவு அதில் இருந்தது. நீ இல்லை. அன்றைக்குக் கோவில் வாசலில் நீ கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான், "அச்சகத்தான் ஒரு வரிய விட்டுட்டாம்மா, நாளைக்குப் போயி அவன உண்டு இல்லைன்னு ஆக்கிருதேன்" என்றேன். நீ "சரிண்ணே" என்றாய். திருப்பலி முடியும்வரை கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, பந்தியில் உட்காராமல் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த வருஷம் கனடா போனதாக ஜாய் சொல்லித்தான் தெரியும்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? மறுநாள் தொண்ணூறடி ரோட்டில் அச்சகம் வைத்திருந்த அப்துல் வாஹித் பாயிடம் போய், நாலு பேர் கேட்கச் சண்டை போட்டேன். அவர் கடையில் கார்டு அடித்தால் சொந்தபந்தம் விட்டுப்போகும் என்று டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், கோவிலில் பூசை முடிந்து கலைகிற கூட்டத்திலும் சொன்னேன். அதன் பிறகு அவர் கடை வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு ஐந்து நிமிஷத்தில் போகலாம், இருபது நிமிஷம் சுற்றித்தான் இத்தனை வருஷமும் போனேன். முழங்கால் தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று உன் மதினி சொல்கிறாள்.

நிகில் கார்டு கேட்டதும், ஒருவேளை வேறு ஏதாவது தாள் கிடைக்குமா என்று அந்தக் கடைக்குப் போனேன். படியேறும்போதே சுவரில் பார்த்துவிட்டேன். ஜாய் கல்யாணக் கார்டு அச்சுக்குப் போகும் முன் நான் திருத்திக் கொடுத்த தாள். பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டியிருந்தார். ஜாய் எழுதிக் கொடுத்திருந்த 'அன்னமேரி – ஆதர்ஷ்' என்ற வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் 'இந்த வரி வேண்டாம்' என்று என் கையெழுத்தில். அதற்கும் கீழே மி. சிங்கராயர் என்று ஒப்பம், தேதி. ஸ்டோர் புத்தகத்தில் ஒரு நட்டு போல்ட்டை அடித்துத் திருத்தினால்கூடப் பக்கத்தில் ஒப்பம் போட்டுப் பழகிய கை, என்ன செய்வது.

"வாரும் வே" என்றார் வாஹித் பாய். "கார்டு அடிக்க வாரவங்க கிட்ட எல்லாம் இதத்தான் காட்டுதேன். பேரு சரியா இருக்கான்னு பாத்து ஒப்பம் போடுங்க, இந்த அண்ணாச்சி மாதிரி பொறவு பேசப்படாதுன்னு. நீரு செஞ்ச புண்ணியத்துல மூணு வருசம் எனக்கு ஒரு கல்யாணக் கார்டு வரல. பில் புக் அடிச்சுத்தான் பிள்ளைகளப் படிக்க வச்சேன்." நான் பார்த்தே இராத வீடுகளில் எல்லாம் என் ஒப்பத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அன்னமேரி. விஷயத்தைச் சொல்லித் தாளைக் கேட்டேன். அவரே ஆணியைப் பிடுங்கினார். "கொண்டு போம். ஆனா அந்தப் பிள்ளைக்கு உள்ளத எழுதிப் போடணும். போன்ல சொன்னேன், அவளுக்குக் கேக்கலன்னு கத விடப்படாது. ரிஜிஸ்தர் தபால்ல போட்டு ரசீதக் கொண்டாரும், இந்த இடத்துல மாட்டணும்" என்றார்.

உத்தரவு அவருடையது. தாள் கைக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. நிகிலுக்குத் தமிழ் பேச வருமே தவிரப் படிக்க வராது. அவன் அதைப் பார்த்துவிட்டு, "ஏக்தம் பக்கா, அங்கிள். தங்கச்சி பேருல செவப்பு கோடு போட்டு ஹைலைட் வேற பண்ணி வெச்சிருக்கீங்க" என்று பாராட்டினான். மாட்டுங்காவில் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்குத்தான் படித்ததும் புரிந்துவிட்டது. "மாமா, இந்த ஓரத்துல எழுதியிருக்கறதையும் அப்படியே போடணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். போடும்மா என்றேன். அவள் தட்டச்சு செய்து முத்திரை குத்தினாள். நான் செய்த காரியம் இங்கிலீஷில் இன்னும் அசிங்கமாக இருந்தது.

உன் பெயரை ஏன் அடித்தேன் என்று கேட்பாய். எங்களைக் கேட்காமல் கோர்ட்டில் கல்யாணம் செய்துகொண்டவனின் பெயரை ஊர்க்காரர் எல்லாம் பார்க்கும் கார்டில் போட எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை பெயரை மட்டும் எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் பெயர் தனியாக நின்றால் கல்யாணமாகாத பிள்ளை என்று யாராவது பெண் கேட்டு வந்துவிடுவார்களே என்று பயந்து, கோட்டை உன் பெயர்மேலும் இழுத்துவிட்டேன். உள்ளது இவ்வளவுதான். வாஹித் பாய் உண்மையை எழுதச் சொன்னாரே தவிர மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, ஆகவே இதில் அந்த வார்த்தை இருக்காது. நான் மூத்தவன். விசாவுக்கு இந்தத் தாள் வேண்டியிருந்தது, தாளுக்கு இந்தக் கடிதம் வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன். விசா வந்ததும் டிக்கெட் எடுத்துத் தேதி சொல்கிறேன், விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பிவை.

உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்லு.

இப்படிக்கு,
அண்ணன் சிங்கராயர்

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது நிகில் போன் செய்தான். விசா கிடைத்துவிட்டதாம். "அங்கிள், ஒரு சாரி சொல்லணும். அந்தக் கல்யாணக் கார்டையும் ட்ரான்ஸ்லேஷனையும் அப்லோட் பண்ணவே மறந்துட்டேன். அது இல்லாமலே வந்துடுச்சு" என்கிறான். ஆக, யாரும் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பக்கத்திலிருந்த உன் மதினி, "அப்ப லெட்டர எதுக்கு அனுப்புதீக? வாஹித் பாய்க்கு நான் சொல்லிக்கிடுதேன். கிழிச்சிட்டுப் போயி எறங்குங்க, அவ பாவம் சந்தோசமா இருக்கட்டும்" என்றாள். அரை மணி நேரம் இதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழித்தால் நீ ஒன்றும் அறியமாட்டாய். உன் வீட்டில், உன் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அச்சகத்தான் கெடுத்த அண்ணனாகவே சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. மேலே ரோஷம் என்று எழுதியதெல்லாம் சும்மா. அவனை உனக்குப் பிடித்திருந்தது, அதை என்னிடம் சொல்லக்கூட நீ பயந்தாய், அந்தக் கோபம்தான். மன்னித்துக்கொள் அம்மா. நான் டிக்கெட் எடுக்கப் போவதில்லை. இதைப் படித்த பிறகும் நீ வா என்றால்தான் எடுப்பேன். போன் பண்ணு. திட்டுவதற்கென்றாலும் பண்ணு.