தும்மல் மாமாவும் மூன்று பூமி பூஜைகளும்

கட்டடம் வரவிடாமல் தடுக்கக் கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. மந்திரியைப் பார்த்தவர்கள் உண்டு. புல்டோசருக்கு முன்னால் படுத்தவர்கள்கூட உண்டு. ஆனால் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைத் தும்மியே நிறுத்தி வைத்த மனிதர் இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் குடியிருந்தார்.

தும்மல் மாமாவுக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், பஸ் புகையும் தூசியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேளச்சேரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்தார். தும்மலும் கூடவே வந்துவிட்டது. காலையில் அவர் தும்மினால் எதிர்வீட்டு ஆன்டெனா திரும்பிக்கொள்ளும், எங்கள் வீட்டு டிவியில் புள்ளி விழும். பால்காரர் ஒரு தடவை சைக்கிளோடு சாக்கடையில் இறங்கியிருக்கிறார். தும்மினால் ஒன்றுதான். இரண்டாவது வந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டாவதற்குப் பதில் கோபம் வரும். மூக்கைத் துடைத்துக்கொண்டே கண்ணில் பட்டவரைத் திட்ட ஆரம்பிப்பார்.

தெருக்கோடியில் ஒரு தாங்கல் இருந்தது. மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற சின்ன ஏரி. அது நிறைந்திருந்தால் கோடையிலும் எங்கள் கிணறுகளில் தண்ணீர் இருக்கும். அதன் கரையை ஒட்டித்தான் மாமாவின் வீடு. ராத்திரி தவளைகள் கத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் அந்தக் கரையில் பெரிய போர்டு நட்டார்கள். தாங்கலைத் தூர்த்து, அதன்மேல் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் கொதித்து எழுந்தது. அதாவது மீட்டிங் போட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, மனு எழுதியது. செயலாளர் மேஜையைக் குத்திய குத்தில் டம்ளர் உருண்டது. மனுவைக் கொண்டுபோன ஆபீஸில், "அங்க ஏரியே கிடையாதே, மனைதானே?" என்றார்கள். அந்த மனையில் கால் வைத்தால் இடுப்பளவு தண்ணீர்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் பூமி பூஜைக்கு மாமா போனது தும்ம அல்ல, சண்டை போட. பில்டர் பட்டு வேட்டியில் மணைமேல் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் மந்திரத்தை ஆரம்பிக்கவும், மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"ஏன்யா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? தாங்கலைத் தூர்த்துட்டா மழைத் தண்ணி எங்கய்யா போகும்? ஒவ்வொருத்தர் ஆத்துக்குள்ளயும்னா வந்து நிக்கும்! நீ..."

அதற்குமேல் பேச முடியவில்லை. சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறிவிட்டது. தும்மினார். குத்துவிளக்கில் இரண்டு திரி அணைந்தது.

வாத்தியார் மந்திரத்தை நிறுத்தினார். பில்டரின் முகம் வெளுத்தது. "ஒத்தைத் தும்மல். நல்ல காரியத்துல இது ஆகாது. வேற நாள் பார்த்துடலாம்" என்று வாத்தியார் பையைக் கட்டினார். தாங்கலைக் கொல்லக் கூசாத அந்த பில்டர், ஒரு தும்மலுக்கு நடுங்கிப் போய்க் காரில் ஏறினார். தண்ணீர் போச்சே என்று தெருவே கத்தியபோது கேட்காத காது, ஒரு கிழவரின் மூக்குக்குக் கேட்டது!

மாமாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மறுநாளே மயிலாப்பூர் போய் ஒரு டப்பி மூக்குப்பொடி வாங்கி வந்தார். இரண்டாவது பூஜைக்கு அழையாத விருந்தாளியாக முன்வரிசையில் உட்கார்ந்தார். கடப்பாறையை எடுத்து பில்டர் கையில் கொடுக்கிற நேரம் பார்த்து ஒரு சிட்டிகை இழுத்தார். அவ்வளவுதான், பூஜை கலைந்தது. வாழை மரத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்புறம் பில்டரின் மேஸ்திரி தூது வந்தார். "இன்னா பெரியவரே, இப்டி பண்ணிக்கினு கீறே? மொதலாளி ரொம்ப பேஜாராயிட்டாரு. உனுக்கே ஒரு வூடு தர்றேன்றாரு, வாங்கிக்கினு கம்முனு கீறியா?"

"என் கெணத்துத் தண்ணியைத் தூக்கிண்டு போயிட்டு வீடு தரானாமா? இரு, அவனுக்கு நான் ஒண்ணு தரேன், குடுத்துடு" என்று மாமா செருப்பைத் தேடினார். அது கட்டிலடியில் கிடந்ததால் மேஸ்திரி தப்பினார்.

மாமாவிடம் பலிக்காத பேச்சு சங்கத்திடம் பலித்துவிட்டது. இந்தத் தெருக்காரர்களுக்கு முதல் சலுகை என்றார் பில்டர். மேஜையைக் குத்திய அதே செயலாளர் தரைத்தளத்தில் தன் பையனுக்கு வீடு புக் பண்ணினார். கேட்டதற்கு, "டெவலப்மென்ட்டை நாம எப்படி சார் தடுக்கறது?" என்றார் என்னிடம். அந்த வாயில் எத்தனை பிஸ்கட்டை வீணாகப் போட்டோம்!

மூன்றாவது பூஜைக்கு எங்கள் தெருவே பட்டுப்புடவையில் போயிருந்தது. இந்தத் தடவை முன்னேற்பாடாகத் தாங்கலின் ஒரு ஓரத்தை மண்ணடித்து மேடாக்கி, அதன்மேல் பந்தல் போட்டிருந்தார்கள். லாரிகள் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தன. மாமா வந்தார். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம் என்று எழுதினால் பொய். நானும் இன்னும் இரண்டு பேரும் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தோம்.

சரியான நேரத்தில் பொடியை இழுத்துத் தும்மினார். பில்டர் தலையில் கை வைத்தார். வாத்தியார் பைக்குக் கை நீட்டினார். நான் சிரிக்கத் தொடங்கினேன்.

அப்போது பின்னால் ஒரு லாரி மண்ணைக் கொட்டியது. செம்மண் புழுதி பந்தலுக்குள் அலையாக வந்தது. மாமாவின் முகம் கோணியது. வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். மூக்கைப் பிடித்தார். வாயைப் பொத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு இரண்டாவது தும்மல் வந்துவிட்டது.

"ரெட்டைத் தும்மல்! பேஷ், பேஷ்! இதைவிட சுபசகுனம் ஏது? மேளம், மேளம்!" என்று வாத்தியார் துள்ளினார்.

மாமா பதறி டப்பியையே மூக்கில் கவிழ்த்துக்கொண்டார். கண்ணீர் கொட்டியதே தவிர மூன்றாவது வரவில்லை. கெட்டிமேளத்துக்கு நடுவே, "இது கணக்குல சேராதுடா! லாரிக்காரன் தும்ம வச்சுட்டான்!" என்று அவர் கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கட்டடம் வந்தது. அடுத்த கோடையில் கிணற்றுக்குள் வாளி விட்டால் சேற்றில் தட்டியது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடினோம். அதற்கடுத்த மழையில், மாமா சொன்னபடியே, தாங்கலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வீடு வீடாக ஏறியது. புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் முழங்கால் வரை நின்றது. அங்கே செயலாளரின் பையன் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வீதம், செயலாளரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு ஏறினார். ஈரத்தில் ஒரு தும்மலும் தும்மினார்.

"தீர்க்காயுசு மாமா" என்றார் செயலாளர், தலையைக் குனிந்துகொண்டு.

"எதுக்கு? வருஷா வருஷம் உன் சாமானைத் தூக்கவா?"

மாமா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. சொந்தக்காரர், சிநேகிதர் என்று இப்போதும் யாராவது என்னைப் பூமி பூஜைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த மனை முன்னால் எந்தக் குளமாக இருந்ததோ என்று வயிறு எரிய, பின்வரிசையில் போய் நிற்பேன். கடப்பாறையைக் கையில் எடுக்கும்போது மட்டும் என் காது தானாகத் தீட்டிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்று போதும், மாமா.