மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் வழி

கடப்பாக்கம், ஞாயிறு

என் அன்பு மகள் சிநேகாவுக்கு,

அப்பா ஞானதாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் மூன்றாம் மாடியில் சுகமே. இறங்கினால்தான் சுகமில்லை.

வீடு கட்டிக் கொடுத்தால் போதுமா, குடியிருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டாமா என்று உன் ஆபீசில் சண்டை போட்டு, முதல் வேலையாக நீங்கள் கட்டிய எங்கள் கட்டடத்துக்கே வெள்ளிக்கிழமை உன் ஆபீசரோடு வருகிறாயாமே, உள்ளதை மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். கடல் காற்றுக்கு ஆசைப்பட்டு மூன்றாம் மாடியைக் கேட்டு வாங்கிய புத்திசாலி நான்தான். காற்று வருகிறது, மழையும் அதே ஜன்னல் வழியாக வந்து எனக்கு முன்னால் படுத்துக்கொள்கிறது. அதை விடு. எதிர்வீட்டுச் சின்னையன் மாமாவுக்குப் போன மாதம் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது, ஸ்ட்ரெச்சர்தான் படிக்கட்டு வளைவில் திரும்பவில்லை. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், பீரோ ஏற்றிய அனுபவத்தில் நானும் 'லெஃப்ட்ல வுடு' என்று கத்தினேன். அந்த பீரோவே ஏறாமல் இன்னும் கீழே நிற்கிறது என்பது கத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. கடைசியில் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பார்வதம் அத்தை தன் புருஷனைப் புடவையால் கட்டிக் கொடுக்க, தூக்கினோம். மாமா கண்ணைத் திறந்து, "இன்னா ஞானதாஸு, மாப்ள ஊர்வலமா?" என்றார். சிரித்துவிட்டேன். இரண்டாம் மாடி வளைவில் அவர் தலை என் தோளில் விழுந்தது. அதையும் விளையாட்டென்றே நினைத்தேன்.

அவரை அவர் வீட்டில் கிடத்தி அழக்கூட முடியவில்லை. ஐஸ்பெட்டியும் வளைவில் நின்றுவிட்டது, மறுபடி நாற்காலியில் ஏற்ற யாருக்கும் மனசு வரவில்லை. கீழே பைக் நிறுத்துகிற இடத்திலேயே வைத்தோம். "என் வூடு என் வூடுன்னு சொல்லிகினு இருந்தியே, உன்னை உள்ள வுடலியே," என்று அத்தை அழுதாள்.

உன் அம்மா நெஞ்சில் அடைப்பு என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அவள் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை. நான் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளை ஜோயலையும் தரைத்தளத்திலேயே வைத்துக் காப்பாராக.

அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஆபீசில் காட்டாதே. நீங்கள் வருவது தெரிந்ததும் அம்மா ஓதம் பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள், வஞ்சிரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டாள். "பொண்ணோட ஆபீசரு வூடு தேடி வந்துகீறாரு, அவராண்ட போயி குறை சொல்லுவியா நீ?" என்கிறாள். பார்வதம் அத்தையும் அவள் கட்சி. ஆகையால் கேட்டால் எல்லாரும் 'நல்லா கீது' என்றுதான் சொல்லுவோம், நானும்தான். நீ எங்களைக் கேட்காதே. சாப்பாடு ஆனதும் உன் ஆபீசரை ஒரு பலகையில் படுக்கவைத்துக் கீழே இறக்கிப் பார். தூக்க நாலு பேருக்கு நான் சொல்லிவைக்கிறேன்.