செத்துப்போன பையன் டீ குடித்த காலை

படித்து முடிக்கும் தறுவாயில் இருக்கும் உளவியல்காரனைப் போல ஆபத்தான ஆள் வேறு கிடையாது. அவனிடம் போய் லேசாகத் தலை வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சின்ன வயதில் அப்பா திட்டினாரா, அம்மா கொஞ்சினாளா என்று குடைந்து குடைந்து கேட்பானே தவிர, ஒரு மாத்திரை வாங்கிப்போட விடமாட்டான். நானும் அப்படித்தான் இருந்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் சும்மா நின்று வானத்தைப் பார்த்தால்கூட எனக்குக் கை பரபரக்கும்.

அப்போது சென்னையில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். முதல் தலைப்பு ஊத்திக்கொண்டது. (என்ன தலைப்பு என்று கேட்காதீர்கள், எனக்கே கடைசிவரை சரியாகப் புரியவில்லை.) எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை, நாங்கள் எல்லோரும் 'மேடம்' என்று நடுங்கிக்கொண்டே சொல்பவர், இரண்டாவது தலைப்பைக் கொடுக்கும்போது ஒரே வாக்கியம்தான் சொன்னார். "இதையும் சொதப்பினா அப்பா கடைக்குப் போயிடு." அப்பாவுக்குப் புரசைவாக்கத்தில் பாத்திரக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு அவர் பல வருடமாகக் காத்திருந்தார்.

இரண்டாவது தலைப்பு என்னவோ அருமையானதுதான். எங்கள் துறையில் அந்தச் சமயம் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. மனசு உடைந்தவர்கள் டாக்டரைத் தேடி வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும், செல்போனை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடித்தால் என்ன என்பார்கள். எங்கள் குழுவும் தமிழில் ஒரு செயலி செய்திருந்தது. தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். பதிலைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். ஒரே ஊரில் சிவப்பு அதிகமானால் யார் தயவும் இல்லாமல் மேடத்தின் போனுக்குத் தானாகவே எச்சரிக்கை போய்விடும்.

இதைக் கல்வராயன் மலையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். கள்ளக்குறிச்சியில் லாட்ஜ் எடுத்துத் தங்கினேன். முதல் நாளே வெள்ளிமலை பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் என் காலை டிபன் என்னை விட்டுப் பிரிந்தது. மேலே போனால் டவரும் கிடைக்கவில்லை. மறுநாள் கச்சிராயபாளையம் தாண்டி, அடிவாரத்தில், மலை நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அறிக்கையில் 'கல்வராயன் மலைப் பகுதி' என்று போட்டுவிட்டேன். மலைக்குப் பகுதியும் உண்டுதானே.

அந்த ஊரில் எனக்கு வீடு வீடாக வழிகாட்ட வந்தவர் அஞ்சலை அக்கா. மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. (பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றுப் பெயரை அவரேதான் தேர்ந்தெடுத்தார், முதலில் ஒரு சினிமா நடிகையின் பெயரைக் கேட்டார்.) நாற்பது வயதிருக்கும். கால் ஓர் இடத்தில் நிற்காது, வாயில் சிரிப்பு மாறாது. பழகிப் பார்க்கட்டும் என்று முதல் ஆளாக அவரிடமே செயலியை நீட்டினேன். எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார், நல்லாத்தான் கீறன்" என்றார். பளிச்சென்று பச்சை எரிந்தது.

பேட்டி எடுப்பதற்கு எங்களுக்குக் கடுமையான விதிகள் உண்டு. கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். மறுகேள்வி போடக் கூடாது. முகத்தில் ஆச்சரியமோ வருத்தமோ தெரியக் கூடாது. இதற்காக லாட்ஜ் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கல்லாக்கப் பயிற்சி செய்திருந்தேன். (ரூம் பாய் பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லையா சார்?" என்று கேட்டான்.)

முதல் வீட்டில் ஓர் அம்மா பட்டப்பகலில் சுருண்டு படுத்திருந்தார். அஞ்சலை அக்கா எழுப்பி உட்காரவைத்தார்.

"கடந்த சில நாட்களாகத் தூக்கம் எப்படி இருக்கிறது?"

"எங்கங்க தூங்கறது? விடிய விடிய முழிச்சிகினுதான் கீறோம்."

"பசி?"

"ஒரு வேள கஞ்சி. அதுக்கு மேல கூடாது."

"கணவருடன் பேச்சுவார்த்தை?"

"அவரு கோயில்ல படுத்துகினு கீறாரு. வூட்டுப் பக்கமே வர்றதில்ல."

"அழுகை வருகிறதா?"

அவ்வளவுதான், அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வராம இன்னா பண்ணும்? ஒரு பச்சப் புள்ளய இத்தினி பேரு சுத்தி நின்னு குத்திக் கொன்னானுங்களே, பாவிங்க. நெனச்சா வயிறு எரியுது சார்."

என் கல் முகத்துக்குள் நான் ஆடிப்போனேன். மறுகேள்வி கேட்கக் கூடாது என்ற விதியால் அடுத்த கேள்விக்குப் போனேன். செயலி சிவப்பு காட்டியது. அடுத்த வீட்டிலும் அதே கதை, சிவப்பு. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தபடி, "அவன் சாகறத பாத்துட்டு எனக்குக் காப்பி கூட எறங்கல" என்றார். மதியத்துக்குள் என் போன் திரை மிளகாய்க் களம் போலச் சிவந்துவிட்டது.

ஊரில் அம்மன் கோவில் திருவிழா நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேப்பிலைத் தோரணம் தெருவெங்கும் கட்டியிருந்தார்கள். குருடன் இல்லையே நான்! ஆனால் திருவிழா என்றால் மகிழ்ச்சி, மகிழ வேண்டிய நேரத்தில் மகிழ முடியாமல் போவது மனச்சோர்வின் முக்கிய அறிகுறி என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆகவே தோரணத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கவலை கூடியதே தவிர சந்தேகம் வரவில்லை. இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்து லாட்ஜுக்குத் திரும்பிவிடுகிற எனக்கு, அந்த ஊரில் இரவில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, விதியை மீறுவதென்று துணிந்து, அஞ்சலை அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"அக்கா, அந்தப் பையன்..."

"பாவங்க சார். இப்பதான் கல்யாணங்கூட ஆச்சு."

"போலீஸுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? ரெண்டு பேரு இங்கயேதான நின்னுகினு இருந்தாங்க. அவங்களும் கண்ணத் தொடச்சிகினாங்க."

"நின்னுக்கிட்டு இருந்தாங்களா! தடுக்கலையா?"

"அத எப்பிடிங்க தடுக்கறது? நடக்கறது நடந்துதான ஆவணும்." அக்கா என் அறியாமைக்காகப் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "நீங்க வெள்ளிக்கெழம காலைல வாங்க சார். அன்னிக்குப் பெரியவனையே சாச்சுடுவாங்க. ஊரே நிக்கும்."

நடந்தது கொலை. வெள்ளிக்கிழமை பழிக்குப் பழி. அதற்கு நேரம் குறித்து, எனக்கு அழைப்பும் வைக்கிறார்கள்! பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மேடத்துக்குப் போன் போட்டேன். செயலி எனக்கு முன்பே அவருக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். "நல்ல வேளை, நீ அங்க இருந்த. நாங்க வர்றோம்" என்றார் மேடம். என் வாழ்க்கையில் அவர் என்னை அப்படிப் பாராட்டியதே இல்லை. அன்றைக்கு லாட்ஜில் நான் துயரத்தோடுதான் படுத்தேன் என்றாலும், பாத்திரக் கடை நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போவது தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

வெள்ளிக்கிழமை காலை ஊர் எல்லையில் வேன் வந்து நின்றது. மேடம் இறங்கினார். பின்னாலேயே வெள்ளைக் கோட்டு போட்ட பயிற்சி மாணவர்கள், கையில் கட்டுக் கட்டாக டிஷ்யூ பெட்டிகளோடு. அழுபவர்களுக்கு நீட்டுவதற்காம். மேடம் நேராக வேலையில் இறங்கினார். டீக்கடை வாசலில் நின்றவர்களிடம், "அந்தப் பையனோட குடும்பத்தை முதல்ல பார்க்கணும்" என்றார்.

"எந்தப் பையன்மா?"

"கொலை செய்யப்பட்ட பையன்" என்றேன் நான், குரலைத் தாழ்த்தி.

"அதுவா? தோ, அவுருதான்" என்று ஒருவர் பெஞ்சைக் காட்டினார்.

பெஞ்சில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், தொந்தியைத் தடவியபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தோரம் ராத்திரி பூசிய சிவப்புச் சாயம் இன்னும் கழுவப்படாமல் இருந்தது. தெருக்கூத்து வாத்தியார் ஏழுமலை. திருவிழாவின் ஒவ்வொரு ராத்திரியும் விடிய விடியக் கூத்து. அதில் பல பேர் வளைத்துக் கொல்கிற சின்ன ராஜகுமாரன் வேஷம் அவருக்கு. ஊர் தூங்காதது கூத்து பார்த்ததால். ஒரு வேளைக் கஞ்சியும் ஆண்கள் கோவிலில் படுப்பதும் காப்புக் கட்டிய விரதம். போலீஸ்காரர்கள் வந்தது திருவிழா பந்தோபஸ்துக்கு.

"எப்ப செத்தீங்க?" என்று மேடம் கேட்டார். (சத்தியமாகக் கேட்டார். அவருக்கும் அந்த நேரத்தில் வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.)

"செவ்வாக்கெழம விடிகாலைங்கம்மா" என்றார் ஏழுமலை வாத்தியார் பணிவாக. "நல்லா இருந்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை. வெள்ளைக் கோட்டுகளில் ஒரு பெண் டிஷ்யூ பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன். அது கச்சிராயபாளையம் பக்கத்துக் கெட்டித் தரை, பிளக்கவில்லை.

அதற்குள் பம்பை மேளச் சத்தம் கேட்டது. "வந்தது வந்தீங்க, பாத்துட்டுப் போங்கம்மா" என்று கூட்டம் எங்களையும் இழுத்துக்கொண்டு கோவில் திடலுக்குப் போனது. அங்கே களிமண்ணால் செய்த ஒரு ராட்சத ராஜா மல்லாந்து படுத்திருந்தான். நான் பயந்த 'பெரியவன்' இவன்தான். கூத்துக்காரர்கள் ஆடி வந்து அவனை வெட்டிச் சாய்த்ததும், பெண்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நடிப்பு இல்லை, நிஜக் கண்ணீர். செத்துப்போன அப்பன், ஓடிப்போன மகன் எல்லோரையும் பேர் சொல்லிச் சேர்த்து அழுதார்கள். எங்கள் டிஷ்யூ சில நிமிஷங்களில் தீர்ந்தது. அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நெல் கொட்டிவைக்கிற குதிருக்கு நல்லது என்று மண் ராஜாவை ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு, சிரித்துப் பேசியபடி கலைந்தார்கள்.

அப்போதுதான் மேடம் வாயைத் திறந்தார். "உன் சிவப்பு எல்லாம் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகுது. பச்சை யாராவது உண்டா?"

"ஒரே ஒருத்தர், மேடம்."

தேடினேன். திடலின் ஓரத்தில் அஞ்சலை அக்கா நீர்மோர் அண்டாவோடு நின்றிருந்தார். அழுது களைத்து வந்தவர்களுக்கெல்லாம் ஓடி ஓடி மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். முடியை விரித்துப் போடவில்லை. கண் காய்ந்து கிடந்தது. வாயில் அதே சிரிப்பு. வீடு வீடாக அவர் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன், ஒரு தடவையும் இதைப் பார்க்கவில்லை. டீக்கடையில் பட்ட வெட்கத்தைவிட அது பெரிதாக உறுத்தியது.

மேடம் போய்ப் பக்கத்தில் நின்று தம்ளர்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். கூட்டம் குறைந்ததும் கேட்டார். "நீங்க உக்காந்து அழலையாம்மா?"

"எனக்கு வரலீங்கம்மா" என்றார் அக்கா. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "வூட்டுக்காரரு செத்துப் போனதிலேந்து வரல. ரெண்டு திருநா தாண்டிப் போச்சு. போய் உக்காந்து பாத்தன், நெஞ்சு கல்லு மாறி கீது. அதான் மோர் ஊத்த வந்துட்டன்."

அன்றைக்கு வேன் திரும்ப வெகு நேரமானது. அதற்குப் பிறகு அஞ்சலை அக்கா வாராவாரம் கள்ளக்குறிச்சிக்கு வந்து ஒரு டாக்டரைப் பார்த்தார். மேடமும் மாதம் ஒருமுறை போனில் பேசினார். என்னைக் கடைக்கு அனுப்பவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினார். ஊர் அழும்போது யார் அழவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் புதுத் தலைப்பு. மறுகேள்வி கேட்கலாம் என்று விதியையும் திருத்தினோம். எங்கள் துறை இனி எந்தத் திசையில் போகும் என்று மாணவர்கள் கேட்டால், பெரிய பெரிய கருவிகளைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, ஊருக்குப் போனால் ராத்திரி தங்குங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டிஷ்யூ பெட்டிக்குப் பின்னால் சிரித்தவளைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். (அவள் அதற்கப்புறமும் சிரிப்பதை நிறுத்தவில்லை.) வீட்டில் எங்கள் மகள் பொம்மைக்காக உதட்டைப் பிதுக்கினால் போதும், "மேடத்துக்குப் போன் போடுங்க, வேன் வரட்டும்" என்பாள் மனைவி. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சொந்தக்காரர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "எப்ப செத்தீங்க" வரைக்கும் முழுசாகச் சொல்லவைத்துவிட்டுத்தான் பந்திக்கு எழுகிறார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு வந்த முதல் திருவிழாவன்று மதியம் அஞ்சலை அக்காவிடமிருந்து போன் வந்தது. குரல் கட்டிப்போயிருந்தது. நான் பதறிவிட்டேன்.

"இன்னா சார் பயப்படறீங்க? நல்லா அழுதன் சார். அதச் சொல்லலாம்னுதான் போட்டன்."

"ராஜகுமாரனுக்காகவா அக்கா?"

"அவனுக்குக் கொஞ்சங்க. மீதியெல்லாம் எங்கூட்டுக்காரருக்குத்தான்."