நங்கூரப் பொத்தான் வைத்த கோட்டு

786

திருகோணமலை
19.10.1974

மதிப்புக்குரிய மச்சான் அபூதாஹிர் அவர்களுக்கு, ஸெய்னுதீன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சில எழுத்துகள் பெரியவை, சில சிறியவை. வரிகள் எல்லாம் வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்குகின்றன. கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன். கோடு நேராகத்தான் இருக்கிறது. கப்பல் டொக்யார்டில் இருபது வருடம் பாரம் தூக்கும் வின்ச் பிடித்த கைக்குப் பேனை மிகவும் இலேசாக இருப்பதால் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிவதில்லை. என் கடைசி மகள் றம்ஸியா ஆறு மாதமாகச் சொல்லித் தந்து, அறுபது வயதில் எனக்கு எழுத்து வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஆகும். ஆகவே தொடக்கத்தில் நாங்கள் சுகம் என்று எழுதினால் முடிவு வரைக்கும் அது செல்லும் என்று சொல்ல ஏலாது. இன்றைக்கு எல்லாரும் சுகம். கம்பளையில் உங்கள் வீட்டாரும் கடையும் அப்படியே இருக்க அல்லாஹ் துணை செய்வானாக.

இதுவரை உங்களுக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் பக்கத்து வீட்டு ஆனந்தராசா எழுதியவை. அவர் டொக்யார்ட் கந்தோரில் கிளாக்கராக எழுத்துவேலை பார்த்தவர், நல்ல மனிதர், எதற்கும் பிரதி வைத்திருப்பவர். எனக்கு வாசிக்க வந்ததும் அந்தப் பிரதிகளை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தேன். 1966-இல் நீங்கள் அனுப்பிய தேயிலையில் பாதி சாக்குநார் என்று நான் அவர் முன்னால் இருந்து அரை மணித்தியாலம் ஏசினேன். அவர் எழுதியிருப்பது: "தேயிலை கிடைத்தது, மிக்க நன்றி, மீண்டும் அனுப்பவும்." நீங்களும் மீண்டும் அனுப்பினீர்கள். எட்டு வருடமாக அனுப்புகிறீர்கள். இது முதலாவது கடிதம் என்று நினைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நோன்புப் பெருநாள் நல்லபடி வந்தது. ஆனால் கடைகளில் துணி இல்லை. சங்கக்கடை வரிசையில் என் மூத்த மகன் ஸைனுலாப்தீன் இரண்டு நாள் நின்று, மெத்தை உறைக்குத் தைக்கிற கோடு போட்ட சீலை நாலு கெஜம் கொண்டுவந்தான். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் ராத்தாவும் என் பெண்சாதியுமான றுக்கியா, "இதைப் போட்டுக்கிட்டுப் பெருநாள் எடுக்கிறதை விட, இருக்கிற பழசை எடுத்து உதறுவம்" என்று சொன்னா. எங்கள் தெரு முழுவதும் அதே முடிவுக்கு வந்திருந்தது என்பது காலையில் பள்ளிவாசலில்தான் தெரிந்தது. பாட்டன்மார் காலத்துக் கோட்டும் தலைப்பாகையும் நாற்பது வருடத்துக்குப் பிறகு வெளிச்சம் கண்டன. முன்வரிசை தொடக்கம் பின்வரிசை வரைக்கும் அந்துருண்டை மணம். இமாம் குத்பாவில் மூன்று தரம் தும்மினார். ஸைனுலாப்தீன் வெள்ளைக்காரக் கடற்படையாள் விட்டுப்போன வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தான். அது கீழே போகப் போக அகலம், ஸுஜூதில் தரையில் நெற்றி வைத்தபோது பக்கத்து ஆளின் முகத்தையும் மூடியது. உங்கள் ராத்தா கூறைச்சேலை உடுத்தினா. சரிகை கறுத்துவிட்டது, ஆனால் ஆள் அப்படியே இருந்தா. அதை நான் சொன்னபோது, "விடியக் காலையில பொய் சொல்லாதீங்க, பெருநாள்" என்று சொன்னா. எங்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஆனந்தராசா, கந்தோருக்குப் போன காலத்து வெள்ளைத் துரைக்கோட்டும் சோலாத் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன ஸெய்னுதீன், நீர் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார்.

நான் மட்டும் ஏன் அப்படி என்பது உங்களுக்குத் தெரியும். 1940-இல் என் நிக்காஹுக்குத் தைத்த கறுப்புக் கோட்டில் ஏழு பொத்தான். தையற்காரரிடம் ஆறுதான் இருந்தது. ஆகவே கடைசிப் பொத்தானாக, டொக்யார்டில் கண்டெடுத்த நங்கூரம் போட்ட பித்தளைப் பொத்தானை வைத்துத் தந்தார். அந்தக் கோட்டையும் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பியையும் 1943-இல் உங்கள் நிக்காஹுக்கு இரவல் தந்தேன். மூதூரில் கல்யாணம் முடித்து நீங்கள் லோஞ்சுப் படகில் திரும்பி வரும்போது கோட்டும் தொப்பியும் ஒரே பொட்டலமாகக் கடலில் விழுந்துவிட்டன என்று சொன்னீர்கள். நான் நம்பினேன். முப்பத்தொரு வருடமாக அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் உங்கள் பக்கம் நின்றே சொல்லிவந்தேன். அலை எவ்வளவு உயரம் என்றுகூட நானாகச் சேர்த்திருக்கிறேன். என் கல்யாண உடுப்பில் எனக்கு மிஞ்சியது பச்சை வார் ஒன்றுதான். அதுவும் இப்போது வயிற்றைச் சுற்றி எட்டாமல், ஒரு முழம் கயிறு வைத்துச் சாரத்துக்கு மேல் கட்டியிருந்தேன்.

இனித்தான் விசயம். றம்ஸியாவுக்கு இருபத்தேழு நடக்கிறது. மூன்று இடம் வந்து போய்விட்டது. நாலாவதாகத் தோப்பூர் முஹம்மது தம்பியின் மகன் றஊப், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பிள்ளை. இந்த இடம் அவளுக்கும் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, எனக்கு எழுத்துச் சொல்லித்தரும்போது அடிக்கிறதை நிறுத்தியிருந்தாள். பெருநாள் பகல் சாப்பாட்டுக்குத் தகப்பனும் மகனும் மூதூர் லோஞ்சில் வந்தார்கள், அன்றைக்கே நாள் குறிப்பதாகப் பேச்சு. அங்கேயும் துணி இல்லை. ஆகவே முஹம்மது தம்பி தன் தகப்பனுடைய பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் சின்ன உருவம், கோட்டு அளவாக இருந்தது. ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடித்தபோது என் வயிற்றில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தேன். நங்கூரம்.

கதிரை எடுத்துப் போட்டேன். "கோட்டு வடிவா இருக்கு, எங்க எடுத்தது?" என்று மட்டும் கேட்டேன். "வாப்பா எடுத்தது. மூதூர்ப் பக்கம், ஜப்பான் சண்டைக் காலத்துல" என்றார். மூதூர், சண்டைக் காலம். மச்சான், இரண்டும் இரண்டும் நாலு என்பதை எழுதப் படிக்காத காலத்திலேயே நான் அறிவேன்.

நெய்ச்சோறு வந்தது. ஆறு பேர் ஒரே பெரிய தட்டான சஹனைச் சுற்றி இருக்கவேண்டும். கை கழுவ முதல் முஹம்மது தம்பி கோட்டைக் கழற்றினார், ஸைனுலாப்தீன் அதை உள்ளறை அலுமாரிக் கதவில் கொழுவினான். பித்தளைப் பொத்தான் இந்த ஊரில் யாரிடமும் இருக்கலாம். ஆனால் என் கோட்டில் இன்னொரு அடையாளம் உண்டு. உங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் உங்கள் ராத்தா இஸ்திரி போட்டபோது, முதுகுப்பக்க உட்சீலையில் இஸ்திரிப்பெட்டியின் உருவம் அப்படியே கருகிப் பதிந்தது. அழுதுகொண்டு அதன் மேல் வேறு சீலை வைத்துத் தைத்தா. தண்ணீர் எடுக்கப்போவதாகச் சொல்லி எழும்பி உள்ளறைக்குப் போனேன். இருட்டாக இருந்தது, தையல் தெரியவில்லை. போட்டுப் பார்த்தால் தோளுக்குத் தெரியும் என்று நினைத்துப் போட்டேன். ஒரு கை போனது. மற்றக் கையும் போனது. அதன் பிறகு இரண்டும் வரவில்லை. நான் இவ்வளவு பருத்துவிட்டேனா என்று முதன்முதலாகக் கவலைப்பட்டேன்.

கை துடைக்கக் கோட்டுப் பையில் இருந்த லேஞ்சியை எடுக்க முஹம்மது தம்பி உள்ளே வந்தார். மருமகனின் தகப்பன் வாசலில், நான் அவருடைய கோட்டுக்குள், இரண்டு கையும் பின்னால்.

"என்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

"அளவு பாக்கிறன்."

"என்னத்துக்கு?"

அவருக்குப் பின்னால் வந்து நின்ற ஆனந்தராசா, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "அவருக்குக் குளிர்" என்றார். வெளியே ஒக்டோபர் மாதத்துப் புழுக்கம். என் நெற்றியால் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு கையை ஆனந்தராசாவும் மற்றக் கையை ஸைனுலாப்தீனும் பிடித்து இழுத்தார்கள். கோட்டு வந்தது. உட்சீலையும் கிழிந்தது, அதன் மேல் தைத்திருந்த சீலை தனியாக வந்தது. கிழிந்த இடத்தில் இஸ்திரிப்பெட்டி, கூர் மேலே, அகலம் கீழே. திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற உங்கள் ராத்தா தன்னை மறந்து, "அல்லாஹ்வே, அது நான் சுட்டது!" என்று கத்திவிட்டா.

எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. நான் மெதுவாகத்தான் சொன்னேன். முஹம்மது தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப என்ட வாப்பா களவெடுத்தார் எண்டு சொல்றீங்க" என்றார்.

"நான் அப்படிச் சொல்லல்ல. என்ட மச்சான் வித்திருப்பார்."

"அதை உங்கட மச்சான் சொல்லட்டும். மௌத்தாப் போன மனிசன். அவர்ர பேருக்குக் களவு ஒட்டிக்கிட்டிருக்க, அந்தப் பேர்ல நான் கல்யாணம் பேச ஏலாது. றஊப், எழும்பு."

சஹனில் கை வைத்த சோறு அப்படியே கிடந்தது. றஊப் வாசலைத் தாண்டும்போது திரைச்சீலைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். முஹம்மது தம்பி கோட்டை என் கதிரையில் போட்டுவிட்டு வெறும் சட்டையோடு இறங்குதுறைக்குப் போனார்.

ஆனந்தராசா சோலாத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நான் அபூதாஹிருக்கு ஒரு கடிதம் எழுதித் தாறன்" என்றார். றம்ஸியா வெளியே வந்தாள். அழுத முகம், ஆனால் பேச்சு நேராக இருந்தது. "மாமா, நீங்க எழுதினா கம்பளையில மழையா எண்டுதான் கேப்பீங்க. வாப்பா, ஆறு மாசம் படிப்பிச்சுத் தந்தன். நீங்களே எழுதுங்க. சாச்சா வித்தாரா இல்லையா எண்டு கேளுங்க." சொந்த மாமனைச் சித்தப்பா முறை வைத்துச் சாச்சா என்று சொல்கிற அளவுக்கு அவளுக்கு மனம் குழம்பியிருந்தது.

ஆகவே கேட்கிறேன், மச்சான். விற்றிருந்தால் விற்றேன் என்று ஒரு வரி எழுதுங்கள். சும்மா கொடுத்திருந்தால் கொடுத்தேன் என்று எழுதுங்கள். நான் கோபிக்கமாட்டேன். அந்தக் காசில் நீங்கள் கடை போட்டிருந்தாலும் கோபிக்கமாட்டேன். கடலில் விழுந்தது என்று மட்டும் இன்னொரு தரம் எழுதவேண்டாம். அந்த ஒரு வரியில்தான் என் பிள்ளையின் கல்யாணம் தங்கியிருக்கிறது. அதைத் தோப்பூருக்குக் கொண்டுபோய், முஹம்மது தம்பிக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம். பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து எல்லாம் என்னுடையது, பிழை எல்லாம் றம்ஸியா திருத்தமாட்டேன் என்று சொன்னதால் வந்தது.

இப்படிக்கு
உங்கள் மச்சான்
ஸெய்னுதீன்

29.10.1974

பிற்குறிப்பு: மேலே எழுதியதை வாசிக்கவேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பதினொரு நாள் எழுதியது, மனம் வரவில்லை.

இன்று காலை முஹம்மது தம்பி திரும்பி வந்தார். தகப்பனுடைய பெயரைத் துடைக்க ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் இலங்கைத்துறையில் மூத்ததம்பி என்கிற கிழவரைப் பிடித்துக் கையோடு கூட்டிவந்திருந்தார். மீன்பிடிக்கிறவர், காது கொஞ்சம் மந்தம், மற்றதெல்லாம் நல்ல ஞாபகம். முற்றத்தில் நின்றபடியே சொன்னார். "ஐயா, விடியப்புறம் வலை கனத்திச்சு. இழுத்தா ஒரு ஆள், ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு வாறான். என்ட தம்பியும் இன்னொருத்தனும் கடல்ல குதிச்சிட்டாங்கள். நான் கும்பிட்டிட்டு இருந்தனான். கிட்ட வந்தபிறகு பாத்தா, ஆள் இல்ல, கோட்டு. மூண்டு மாசம் வேலியில கிடந்திச்சு, ஒருத்தரும் தொடல்ல. பிறகு இவர்ர அப்பா ஒரு மூட்டை நெல்லுக்குக் கேட்டார், குடுத்திட்டன்." பொத்தானைக் காட்டினேன். "ஓம், அந்த நங்கூரத்தைக் கண்டுதான் கப்பல்காரன்ட பிரேதம் எண்டு நினைச்சனாங்கள்" என்றார்.

நீங்கள் சொன்னது உண்மை. முப்பத்தொரு வருடம் நம்பிவிட்டுப் பதினொரு நாள் நம்பாமல் விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பருக்கவும் இல்லை, உப்புத் தண்ணீர்தான் கோட்டைச் சுருக்கியிருக்கிறது. நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். றஊப் அந்தக் கோட்டைத்தான் போடுவாராம். உங்கள் ராத்தா உட்சீலையைத் தைக்கிறா. இஸ்திரிப்பெட்டி அடையாளத்தை மறைக்கவேண்டாம் என்று முஹம்மது தம்பி சொல்லிவிட்டார். நீங்கள் குடும்பத்தோடு வந்து முன்னுக்கு நிற்கவேண்டும்.

போகும்போது மூத்ததம்பியிடம் கோட்டோடு ஒரு சிவப்புத் தொப்பியும் வந்ததா என்று கேட்டேன். "தொப்பியா? இல்லையே. பொட்டலமும் இல்ல, ஒண்டும் இல்ல, கோட்டு மட்டுந்தான்" என்றார். மாலையில், நீங்கள் முன்பு அனுப்பிய உங்கள் கடை திறப்பு விழாப் படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் நிற்பது நீங்கள். தலையிலிருந்து குஞ்சம் ஒன்று காதுப்பக்கம் தொங்குகிறது. இன்றைக்குக் கை வலிக்கிறது, தாளும் முடிந்துவிட்டது. தொப்பியைப் பற்றி அடுத்த கிழமை எழுதுகிறேன்.