ஐந்து நிமிஷ வால்வு

இந்தத் தடவை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுவதற்குள் என் காரை என் மனைவியிடமிருந்து காப்பாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஆறு வருஷம் ஷார்ஜா வெயிலில் வெந்து, இந்த லீவில் நான் வாங்கிய டீசல் கார். செகண்ட் ஹேண்ட்தான். அதை ஓட்டப்போவதாக நஜ்மா சொன்னாள். என் உம்மா கமருன்னிஸாவுக்கு முட்டி வலி. வாரம் இரண்டு நாள் வைத்தியத்துக்குக் கும்பகோணம் போக வேண்டும். உம்மா பஸ்ஸின் முதல் படியில் கால் வைப்பதற்குள் கண்டக்டர் இரண்டு விசில் ஊதிவிடுகிறார்.

நியாயமான காரணம். அதுதான் சங்கடம். நியாயமான காரணத்தை எதிர்த்துப் பேச எனக்கு வராது. நஜ்மாவிடம் அநியாயமான காரணத்தை எதிர்த்தும் வராது. நான் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும்.

சாவியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், இன்னொரு சாவி உம்மாவின் பீரோவில். உம்மா மருமகள் கட்சி.

அப்போதுதான் ஷார்ஜாவில் வாங்கி வந்த பித்தளை வால்வு கண்ணில் பட்டது. காருக்கு அடியில் இன்ஜின் ஆயிலை வடிக்க ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், பிறகு ஸ்பானரே வேண்டாம். கைப்பிடியைத் திருப்பினால் ஐந்து நிமிஷத்தில் ஆயில் மொத்தமும் இறங்கிவிடும். பயணத்தன்று சத்தமில்லாமல் வடித்துவிட வேண்டியது. ஷார்ஜா போய்ச் சேர்ந்ததும், வண்டியில் ஆயில் இல்லை, அடுத்த லீவு வரை தொடாதே என்று போனில் சொல்லிவிட வேண்டியது. போனில் எனக்குத் தைரியம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் படுத்தேன். மெக்கானிக் மருதையனைக் கூப்பிடலாமே என்றாள் நஜ்மா. கைத்தொழில் தெரிந்தவனுக்கு ஆள் எதற்கு என்றேன். கால் மணி நேரம் போராடியும் போல்ட் அசையவில்லை. நஜ்மா குனிந்து பார்த்தாள்.

"மச்சான், இறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

மறுபக்கம் திருப்பினேன். வெதுவெதுப்பான ஆயில் முழங்கைக்கு வந்து, அக்குளில் வளைந்து, பனியனுக்குள் போய்விட்டது. மீதியைப் பிடிக்க, நீளவாக்கில் வெட்டிய மண்ணெண்ணெய் டின் ஒன்றை நஜ்மா சரியான இடத்தில் தள்ளினாள். அதை எப்போது வெட்டி வைத்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

வால்வு கச்சிதமாக உட்கார்ந்தது. புது ஆயில் ஊற்றினேன். கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தால் மூடியிருக்கிறது, எத்தனை லிட்டர் பிடிக்கும், குறைந்தால் எப்படித் தெரியும் என்று வரிசையாகக் கேட்டாள். என்னிடம் யாராவது சந்தேகம் கேட்டால் நான் உருகிவிடுவேன். ஆயில் அளவுக் கம்பியை உருவி, துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினேன். வண்டியைக் கிளப்பும் முன் தினமும் இதைப் பார்க்க வேண்டும் என்று பாடம் வேறு நடத்தினேன்.

பயணத்தன்று காலை ஆயிலை வடித்து, டின்னைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு சொந்தக்காரர் வீடுகளுக்குப் பயணம் சொல்லக் கிளம்பினேன். எங்கள் பக்கம் ஒரு வீடு விட்டுப்போனாலும் அடுத்த லீவில் முகம் கொடுக்கமாட்டார்கள். பதினேழு வீடு. பதினேழு டீ. வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, அதான் நஜ்மா இருக்காளே என்று ஆயிஷா மாமி சிரித்தார். பதினேழு வீட்டிலும் அதே சிரிப்பு. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால் என் பெட்டிகள் காரில் ஏறியிருந்தன. என் காரில். வாடகை வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பின் சீட்டில் உம்மா. ஸ்டீயரிங்கில் நஜ்மா. வழியனுப்பத் தெரு முழுக்கச் சனம். வேறு வண்டி பிடிக்க நேரமில்லை. நஜ்மா சாவியில் கை வைத்தாள்.

"கிளப்பாதே."

"ஏன் மச்சான்?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கெல்லாம் பிளேன் நிக்காது."

"ஆயில் இல்ல."

ஆயில் எங்கே போயிற்று என்று உம்மா கேட்டார். வடித்ததையும், எதற்காக வடித்தேன் என்பதையும் தலையைக் குனிந்தபடி சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லு தம்பி, பின்னால கேக்கல" என்றார் கூட்டத்தின் கடைசியில் நின்ற ஆயிஷா மாமி.

சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.

நஜ்மா இறங்கினாள். பானெட்டைத் திறந்து, கம்பியை உருவி, துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினாள். ஆயில் மேல்கோட்டில் நின்றது.

"கிளப்புறதுக்கு முன்னால பாக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. பாத்தேன், காஞ்சு கிடந்துச்சு. கைப்பிடிய மூடிட்டு, மருதையன் அண்ணன்கிட்ட அஞ்சு லிட்டர் வாங்கி ஊத்திட்டேன். நீங்க மாட்டின வால்வு நல்ல சாமான் மச்சான். ஸ்பானர் பிடிச்சா எனக்கு மணிக்கட்டு வலிக்கும்."

இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தஞ்சாவூர் தாண்டியும் ஒரு குலுக்கல் இல்லை. பஸ்ஸில் முனகிக்கொண்டே வரும் உம்மா, காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கே மனசு லேசாகிவிட்டது. இனி செவ்வாயும் வெள்ளியும் உம்மா இப்படித்தான் போய் வருவார். திருச்சி விமான நிலையத்தில் இரண்டு வேன்களுக்கு நடுவே, ஒரே முயற்சியில் ரிவர்ஸில் நிறுத்தினாள். எனக்கு அதற்கு அரை மணி நேரமும் நாலு பேர் யோசனையும் தேவைப்படும்.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஷார்ஜாவுல நாலாவது தடவ டிரைவிங் டெஸ்ட்ல தோத்தீங்கள்ல, அந்த வாரம்தான் இங்க டிரைவிங் கிளாஸ்ல சேந்தேன்."

அதை நான் வீட்டில் சொன்னதே இல்லை.